டர்பனில் நர்ஸ் ஆக எனக்கு ஏன் பதினைந்து வருடம் பிடித்தது

தென்னாப்பிரிக்காவில் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, முடித்த பிறகு நர்சிங் கவுன்சிலில் எந்த வகையில் உன் பெயர் பதிவாகும் என்றுதான். எந்தக் காலேஜ், எவ்வளவு ஃபீஸ் என்பதெல்லாம் அப்புறம். பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. 2010-இல் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் எனக்கும் புரிந்திருக்காது, ஆனால் நாலு பேரிடம் விசாரிக்கவாவது செய்திருப்பேன். கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. பிளஸ் டூவில் பயாலஜி எடுத்து, நர்சிங் சேர இருந்த நேரத்தில் கல்யாணம் முடிவாகி 2009-இல் டர்பன் வந்து சேர்ந்தேன். வீடு சாட்ஸ்வொர்த்தில். கணவர் வீட்டார் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் நாலாம் தலைமுறை. வீட்டில் பேசுவது இங்கிலீஷ், கோயிலில் பாடுவது தமிழ். மாமியாரின் அக்காவை எல்லோரும் பெரிம்மா என்போம். அவர் ஆர்.கே. கான் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். 1969-இல் திறந்த அந்த மருத்துவமனை எங்கள் பகுதிக்காரர்களுக்குப் பெரிய கெளரவம். பெரிம்மா காலத்தில் மெட்ரிக் முடித்த பெண் நேராக மருத்துவமனைக்கே விண்ணப்பித்து, அங்கேயே தங்கி, மாதாமாதம் கொஞ்சம் சம்பளமும் வாங்கிக்கொண்டு நர்ஸ் ஆகிவிடுவாளாம். எனக்கும் அதையேதான் சொன்னார்: ஆஸ்பத்திரியில் போய்க் கேள், எடுத்துக்கொள்வார்கள். நல்ல மனதோடு சொன்னது. ஆனால் நான் பார்த்த அரசு நர்சிங் காலேஜ் விளம்பரங்களில் குடிமக்கள் அல்லது நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள் மட்டும் என்று போட்டிருந்தது. இந்த நாட்டுக்காரரைக் கட்டி வந்த பெண் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கவே கல்யாணமாகி ஐந்து வருடம் ஆக வேண்டும். அதுவரை தனியார்தான் வழி என்று ஆனது.

டவுனில், நாங்கள் இன்னமும் கிரே ஸ்ட்ரீட் என்று சொல்லும் தெருப்பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சி நிறுவனம் இருந்தது. போர்டில் நர்சிங் என்ற சொல் மட்டும் தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவு பெரிது. சுமார் 8,500 ரேண்ட் கட்டி, ஒரு வருடப் படிப்பு. 'இதை முடித்தால் நர்சிங்கில் முதல் படி ஏறிவிட்டீர்கள்' என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் உம்லாஸியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வரும் ஜூலுப் பெண்கள். மீதிப் பேர் எங்களைப் போல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆட்கள். வெள்ளை யூனிஃபார்ம், தொப்பி, பட்டமளிப்பு விழா, ஃபோட்டோ எல்லாம் நடந்தது. அந்த ஃபோட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன், அம்மா தெரு முழுக்கக் காட்டினார்.

அப்புறம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. முதல் வாரம், சாயங்கால மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டர், ஒரு ஆள் வரவில்லை என்பதால் என்னைப் பார்த்து, 'உன் கவுன்சில் நம்பர் என்ன?' என்றார். சர்டிபிகேட்டின் அடியில் இருந்த நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி. வண்டியைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சொன்னார்: 'நீ கேர்கிவர் அம்மா. நீ மாத்திரையைத் தொட்டால் என் பதிவு போகும்.' அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாத கோபம். மாதம் 2,500 ரேண்ட் சம்பளத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கையில் திருப்பிப் படுக்கவைத்து இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே ஓடியது.

இதைப் படிக்கும் பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். கேர்கிவர், ஹோம் பேஸ்டு கேர், ஆன்சிலரி ஹெல்த் கேர் என்ற பெயர்களில் வரும் படிப்புகள் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவை சரியான பயிற்சிதான். ஆனால் அவற்றை முடித்தால் பிரிட்டோரியாவில் இருக்கும் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. 2005-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் நர்சிங் சட்டப்படி, பதிவு இல்லாதவர் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். நீங்கள் சேரப்போகும் அதே படிப்புக்கு, அதே கிளைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் என்றால் உயர்கல்வித் துறைப் பதிவும், உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரமும் சேர்த்துக் கேளுங்கள். இங்கே நர்ஸ்கள் படிப்பைப் பெயரால் சொல்வதில்லை, அரசிதழ் அறிவிப்பின் எண்ணால்தான் சொல்வார்கள்: பழைய ஆர் 425, ஆர் 683, இப்போதைய ஆர் 171. அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருப்பவரிடம் 'இது எந்த ஆர் நம்பர்?' என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் பர்ஸை மூடிக்கொண்டு வந்துவிடலாம்.

மருந்து வண்டி சிஸ்டர்தான் எனக்கு அடுத்த வழியைக் காட்டினார். இரண்டு வருட என்ரோல்டு நர்ஸ் படிப்பு, அதாவது முழுப் பதிவு உள்ள நர்ஸுக்கு ஒரு படி கீழே, ஒரு தனியார் மருத்துவமனை நடத்தும் பள்ளியில். அதில் சேர என் பிளஸ் டூ இங்கத்திய மெட்ரிக்குக்குச் சமம் என்று சாக்வா என்ற தகுதி ஆணையத்திடம் மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் நம் பெயர்தான் இங்கே பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் அப்பா பெயர் ஒற்றை எழுத்து இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அதே அப்பா பெயர் முழுசாக வந்து சர்நேம் ஆகியிருக்கும். இங்கே கல்யாணப் பதிவுக்குப் பிறகு கணவர் வீட்டுப் பெயர் சர்நேம் ஆகிவிடும். மூன்று தாளில் மூன்று பெண்கள். இவர்கள் எல்லோரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க, சத்தியப் பிரமாணப் பத்திரம், கல்யாணச் சான்று, பிறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தம்பி தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் அலைந்தான். மாதக்கணக்கில் இழுத்து, ஒரு வருடச் சேர்க்கையே கை நழுவிப் போனது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று அப்பா சொன்னால் கேட்காதீர்கள். பட்டப்படிப்பில் சேர வேண்டுமென்றால் சாக்வா சான்று மட்டும் போதாது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான யுசாஃபிடம் மெட்ரிக் விலக்குச் சான்றும் வாங்க வேண்டும்.

2013-இல் சேர்ந்தேன். வருடத்துக்கு 30,000 ரேண்ட் பக்கம் ஃபீஸ், அம்மா போட்டனுப்பிய வளையல்கள் அதற்குப் போயின. அந்தப் படிப்பில் புதிதாக ஆள் எடுத்த கடைசி சில பேட்ச்களில் எங்களுடையதும் ஒன்று. பிறகு அதே மருத்துவமனையில் வேலை, காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஷிஃப்ட். என் பெயரில் கவுன்சில் நம்பர் வந்த நாள், அதை மருந்து வண்டி சிஸ்டருக்கு மெசேஜ் அனுப்பினேன். மருந்து வண்டியைத் தொடலாம், ஆனால் எல்லாமே சிஸ்டர் மேற்பார்வையில். இங்கே முழுப் பதிவு உள்ள நர்ஸைத்தான் சிஸ்டர் என்பார்கள். தோளில் மெரூன் பட்டை இருக்கும். அது இல்லாதவள் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் வார்டைத் தனியாக நடத்த முடியாது, சம்பளமும் ஓர் இடத்தில் நின்றுவிடும்.

அந்த மெரூன் பட்டைக்கு அன்றைக்கு இருந்த வழி ஆர் 683, அதாவது பிரிட்ஜிங் கோர்ஸ். என்ரோல்டு நர்ஸாக வேலை பார்ப்பவர் இரண்டு வருடத்தில் சிஸ்டர் ஆகலாம். ஆனால் எங்கள் மருத்துவமனை வருடத்துக்குச் சில பேரைத்தான் அனுப்பும். யாரை என்பது மேனேஜர் கையில். நான் கேட்கும்போதெல்லாம் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்பார். 2017-இல் மகன் பிறந்தான், அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் பழைய படிப்புகளில் புதிய சேர்க்கை 2019 டிசம்பரோடு முடிகிறது என்ற கவுன்சில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அது எங்கே ஒட்டியிருந்தது தெரியுமா? டீ ரூம் கதவுக்குப் பின்னால், ஜிம் சலுகை நோட்டீஸுக்கு அடியில். கதவு எப்போதும் திறந்தே இருக்கும், அதனால் சுவரோடு ஒட்டிய அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. கடைசிப் பட்டியல் வந்தது, என் பெயர் இல்லை. என்னுடன் இருந்த இன்னும் பல பேர் பெயரும் இல்லை. அவர்களில் சிலர் என்னை விடப் பத்து வருடம் மூத்தவர்கள். இன்றைக்கும் அவர்கள் என்ரோல்டு நர்ஸாகவேதான் இருக்கிறார்கள். அந்த வருடம் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாளில் எனக்கு சாமி கும்பிடவே மனம் வரவில்லை, பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வேலையில் இருந்துகொண்டு மேலே படிக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது: விண்ணப்பத்தை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நிராகரித்தால் காரணம் கேளுங்கள், கேட்க உரிமை இருக்கிறது. தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். ஒரே முதலாளியை நம்பி உட்காராமல் வெளியேயும் விண்ணப்பியுங்கள். கவுன்சில் சுற்றறிக்கைகள் எல்லாம் இணையதளத்தில் கிடைக்கின்றன. டீ ரூம் சுவரை நம்ப வேண்டியதில்லை.

2020 கோவிட் வார்டில் போனது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டு, 2021-இல் புதிய மூன்று வருட டிப்ளமாவில், ஆர் 171-இல் சேர்ந்தேன். வருடம் 60,000 ரேண்ட். சேர்க்கும்போது, 'நீங்கள்தான் ஏற்கனவே என்ரோல்டு நர்ஸ் ஆயிற்றே, முன்படிப்பைக் கணக்கில் எடுத்து ஒரு வருடம் குறைத்துவிடலாம்' என்றார்கள். சேர்ந்த பிறகு கேட்டால், அப்படி யாரும் உறுதி தரவில்லையே என்றார்கள். முழு மூன்று வருடமும் படித்தேன். ஆறு வருடம் வார்டில் வேலை பார்த்தவள், முதல் செமஸ்டரில் படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று பொம்மை நோயாளி முன்னால் செய்துகாட்டி மார்க் வாங்கினேன். சொல்லிக்கொடுத்த டீச்சர் என்னை விடச் சின்னவள். அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம், கடைசியில் இருவரும் சிரித்துவிட்டோம். ஆர்பிஎல், அதாவது முன்படிப்பைக் கணக்கில் எடுப்பது, என்று யாராவது ஆசை காட்டினால், எத்தனை பாடம், எத்தனை மாதம் குறையும் என்று எழுதி வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

வார இறுதியில் ஏஜென்சி மூலம் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துத்தான் வீட்டை ஓட்டினோம். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து ரொட்டிக்கு வரிசையில் நின்ற வாரம், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராத நாட்கள், நடுவில் லோட் ஷெடிங் என்று பரீட்சைக்கு மெழுகுவர்த்தியில் படித்ததும் உண்டு. 2010-இலிருந்து கட்டிய ஃபீஸை மட்டும் கூட்டினால் இரண்டரை லட்சம் ரேண்ட் பக்கம் வருகிறது. வராமல் போன சம்பளத்தையும் என் கணவர் ஒரு நாள் கால்குலேட்டரில் போட ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

2023 கடைசியில் படிப்பு முடிந்தது. அதோடு வேலை ஆரம்பம் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். இங்கே முதல் முறையாகப் பதிவு பெறும் நர்ஸ் அரசு மருத்துவ நிலையத்தில் ஒரு வருடம் சம்பளத்தோடு கம்யூனிட்டி சர்வீஸ் செய்ய வேண்டும். நர்ஸ்களுக்கு 2008-இல் வந்த ஏற்பாடு இது. சிக்கல் என்னவென்றால் இடம் ஒதுக்கும் வரை காத்திருக்க வேண்டும், அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, எந்த ஊர் என்பதும் நம் விருப்பம் மட்டும் இல்லை. விண்ணப்பத்தில் விருப்ப இடங்களைக் கேட்பார்கள், கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எனக்கு 2024 ஜூலையில்தான் ஒதுக்கீடு வந்தது, நோங்கோமா பக்கம், டர்பனிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். மகனை மாமியாரிடம் விட்டுப் போனேன். படிப்பு முடியும் வருடத்திலேயே ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள், பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். இதை எனக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நோங்கோமாவில் ஜூலு இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது. டர்பன் வார்டுகளில் இங்கிலீஷைக் கலந்து சமாளித்துவிடலாம். அங்கே வரும் கோகோமார், அதாவது பாட்டிமார், பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. 'குபுஹ்லுங்கு குபி?', எங்கே வலிக்கிறது என்று கேட்க முதல் நாளே கற்றுக்கொண்டேன். பதில் புரிய வேண்டுமே. அங்கிருந்த ஒரு வயதான என்ரோல்டு நர்ஸ், இரவு டியூட்டியில் என் கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்து 'இசிசு', நெஞ்சில் வைத்து 'இசிஃபுபா' என்று குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நெஞ்சு வலி என்று சொல்லும் பாட்டிக்கு வயிற்று மருந்து கொடுத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. நம் பிள்ளைகள் பள்ளியில் ஜூலு எடுக்க வாய்ப்பிருந்தால் எடுக்கட்டும். ஆஃப்ரிகான்ஸை விட இந்த மாகாணத்தில் வார்டில் உதவுவது அதுதான்.

இப்போது சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர் 171 முடித்தால் பொது நர்ஸ் பதிவு, பிரசவப் பிரிவுக்கான தகுதி அதில் வராது. பல்கலைக்கழகத்தின் நாலு வருடப் பட்டம், ஆர் 174, முடித்தால் நர்ஸ், மிட்வைஃப் இரண்டு பதிவும் வரும், மெரூன் பட்டையில் பச்சைக் கோடும் சேரும். வேலை விளம்பரங்களில் மிட்வைஃபரி கேட்பது அதிகம். அதனால் பதினெட்டு வயதில் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். டிப்ளமா படித்தவர் ஐசியூ, தியேட்டர், குழந்தைகள் பிரிவு என்று சிறப்புப் படிப்புக்கு நேராகப் போக முடியாது. நடுவில் ஒரு வருட அட்வான்ஸ்டு டிப்ளமா, அதற்கு மேல்தான் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமா. அரசு வேலையில் 2007-இல் வந்த ஓஎஸ்டி சம்பள முறையில், சிறப்புப் படிப்பை முடித்தவர் அந்தப் பிரிவின் பணியிடத்தில் இருந்தால்தான் சிறப்பு நர்ஸுக்கான சம்பளம் கிடைக்கும். படித்துவிட்டு வேறு வார்டில் நின்றால் பயனில்லை. கம்யூனிட்டி சர்வீஸ் முடிந்ததும் அரசு வேலை தானாக வரும் என்றும் இருக்காதீர்கள். ஆள் தேவை இருந்தும் பணமில்லை என்று இடங்களை நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கும் வரவில்லை, தனியாரில்தான் இருக்கிறேன். இன்னொன்று, கவுன்சிலின் ஆண்டுக் கட்டணம் டிசம்பர் 31-க்குள் கட்ட வேண்டும். விட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள், திரும்பச் சேர்க்கத் தனியாகப் பணம். பிரசவ விடுப்பில் இருக்கிறேன், வேலையில் இல்லை என்று விட்டுவிட்டு மாட்டியவர்கள் உண்டு. நான் தீபாவளி போனஸ் வந்ததும் கட்டிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவத்தோடு போன மாதம் அவள் அம்மா வந்தார். லைஃப் சயன்ஸை விட்டுவிட்டு டூரிஸம் எடுக்கலாமா என்று கேட்டார், மார்க் நிறைய வருமாம். நர்சிங் என்று நினைத்தால் லைஃப் சயன்ஸ் கட்டாயம் வேண்டும், கணக்கில் முடிந்தவரை சாதாரண மேத்ஸையே வைத்துக்கொள்ளட்டும், மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய கணக்கை எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி ஏற்பதில்லை என்று சொன்னேன். படிவத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் பெண்ணே வந்து, 'ஆன்ட்டி, எனக்கு நர்சிங் வேண்டாம், பயோகினெட்டிக்ஸ்' என்றாள், உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தரும் படிப்பு அது. அதற்கும் லைஃப் சயன்ஸ் தேவைப்படும் என்று சொல்லி அனுப்பினேன்.